அஞ்சு அடுக்கு

அந்த ஸ்டூல் வேண்டாம் சார், அதுல ரெசின் இன்னும் காயல, பேன்ட் ஒட்டிக்கிடும். இந்தப் பக்கம் வாங்க. இதுல உக்காருங்க.

கோயம்புத்தூர்ல காலேஜ் வாத்தியார்னு சொன்னீங்க. மலைக்காட்டுக்கு மேல ஒரு ஆகாயக்கப்பலை நிறுத்தி, யானை எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாக்கப் போறீங்க. நல்ல காரியம். அதுக்கு எலும்புக்கூடு எதுல செய்யலாம், அலுமினியமா, ஃபைபரா, கார்பனான்னு கேக்க வந்திருக்கீங்க. சொல்லுதேன். அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்குதேன். எங்க ஐடா உங்க காலேஜுல வந்து பேசினா இல்லையா, அதைக் கேட்டுட்டுத்தானே வந்தீங்க? என்னையப் பத்தி என்ன சொன்னா?

தயங்காதீங்க. எனக்குத் தெரியும். "முதல் கப்பல் தூக்கல, ஏன்னா அதைக் கட்டின எங்க அக்காவுக்கு அது பறக்கக் கூடாதுன்னு இருந்துச்சு"ன்னு சொல்லியிருப்பா. நீங்க எல்லாரும் சிரிச்சிருப்பீங்க.

சிரிக்கலையா. சரி.

அது பொய் சார். ஐடா என் கூடப் பிறந்தவ. மத்த எதுலயும் பொய் சொல்ல மாட்டா. இதுல சொல்லுதா. நடந்தது என்னன்னு நான் சொல்லுதேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நான் பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சவ. இந்தத் தூத்துக்குடியில ஃபைபர் படகுப் பட்டறை வச்சு நடத்துற பொம்பளை நான் ஒருத்திதான். இந்தக் கையால எத்தனை படகு கட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒண்ணுகூட உடைஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரரு பேரு கிளீட்டஸ், அவரு ஒரு புயல்ல மாட்டினாரு, அந்தப் படகும் நான் கட்டினதுதான். அதுவும் உடையல. இன்ஜின்தான் நின்னுச்சு. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. படகு உடையல.

தங்கலுக்குப் போயிருந்தாங்க. தங்கல்னா அன்னன்னைக்குக் கரைக்கு வராம கடல்லயே கிடந்து மீன் பிடிக்கிறது. நாலு பேரு. புயல் திரும்பி இந்தப் பக்கம் வந்துருச்சு. இன்ஜின் நின்ன பிறகு வாக்கிடாக்கியில கூப்பிட்டுப் பாத்திருக்காங்க, கரைக்கு எட்டல. அது கொஞ்ச தூரம்தானே எட்டும். அலை இழுத்த பக்கம் போனாங்க. ஹெலிகாப்டர் தேடுச்சு, தேடலன்னு நான் சொல்ல மாட்டேன். வந்துச்சு, போச்சு. திரும்ப வந்துச்சு, போச்சு. சட்டையைக் கழட்டி வீசினாங்களாம். அடுத்த தடவை சத்தம் கேட்டப்ப, கூட இருந்த ரூபன் எந்திரிக்கல. அதுக்குப் பிறகு ஒரு சரக்குக் கப்பல்காரங்க பாத்து மத்த மூணு பேரையும் ஏத்திக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்தவரு பல நாள் வாயைத் திறக்கல. திறந்தப்ப ஒண்ணுதான் சொன்னாரு. "வருது, போகுது. மேல நிக்கிறது ஒண்ணு வேணும் பிலோமி. அப்படி ஒண்ணு நின்னாத்தான் இனி நான் கடலுக்குப் போவேன்."

நான் சரின்னேன். மேல என்னைக்கு எது நிக்கப் போகுது? மனுசன் இனி கரையிலதான்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சதுல என்ன தப்பு? நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

அவரைப் பாக்க ஐடா பெங்களூர்ல இருந்து வந்தா. அவ விமான இன்ஜினியர், ட்ரோன் செய்யுற கம்பெனியில இருந்தா. இவரு அவகிட்டயும் அதையே சொல்லியிருக்காரு. அவ வேலையை விட்டுட்டு இங்கயே வந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கல. ஒரு நாள் காலையில பெட்டியோட இந்த வாசல்ல வந்து நின்னு, "அக்கா, அத்தானுக்கு ஒரு கப்பல் கட்டப் போறோம். மேல ரேடியோவைத் தூக்கிக்கிட்டு நிக்கும். படகுல இருந்து பேசினா அது வாங்கிக் கரைக்கு அனுப்பும்"னு சொல்லுதா. எங்க மீனவர் சங்கம் கூட நின்னுச்சு. ரூபன் வீட்டுல இருந்துகூட வந்து ஒத்தாசை பண்ணாங்க. நான் மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்? சொல்லல. இந்தப் பட்டறையைத்தான் குடுத்தேன்.

இப்ப நீங்க கேக்க வந்த விஷயம்.

வெறும் பலூன்னா எதிர்க்காத்துல மூக்கு உள்ள போயிரும். மோட்டாரும் வாலும் பிடிச்சு நிக்க இடம் வேணும். அதனால படகுக்கு அடியில ஏராக்கட்டைங்கிற நடுக்கட்டை ஓடுற மாதிரி அடியில நீளமா ஒரு முதுகெலும்பு, மூக்குல ஒரு கூடு, வாலுக்கு ஒரு கூடு. அந்த எலும்பு மொத்தமும் இருபது கிலோவுக்குள்ள இருக்கணும்னு ஐடா சொன்னா. அதுக்கு மேல போனா ஹீலியம் தூக்காது, ரேடியோவுக்கு இடம் இருக்காது.

இந்த மேசையிலதான் குழாயெல்லாம் கொண்டு வந்து பரத்தினா. மூங்கில் ஒண்ணு. லேசுதான், நல்லா வளையும், ஆனா ஒவ்வொரு மூங்கிலுக்கும் ஒரு குணம். ஒண்ணைச் சோதிச்சா இன்னொண்ணைப் பத்தித் தெரியாது. நம்ம ஈரக்காத்துல கனமும் கூடும். அதை அவளும் வேண்டாம்னா, நானும் வேண்டாம்னேன். அலுமினியம் ஒண்ணு. கனம் குறையணும்னா குழாய்ச் சுவரு காகிதம் மாதிரி மெலிசா இருக்கணும். லேசா ஒரு இடத்துல தட்டிச்சுன்னா நெளியும், நெளிஞ்ச இடத்துல மடிஞ்சுரும். வெல்டிங் வச்ச இடத்துக்குப் பக்கத்துல பலமும் போயிரும். போதாததுக்கு உப்புக்காத்து. அதையும் தள்ளி வச்சோம். மீதி இருந்தது ரெண்டு. அவளோட கார்பன் ஃபைபர். நம்ம கண்ணாடி ஃபைபர்.

ரெண்டையும் ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல வச்சு மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். கார்பன் அசையவே இல்ல. மூட்டையை ஏத்திக்கிட்டே போனா. ஒரு முனகல் இல்ல, ஒண்ணுமில்ல, திடீர்னு பட்டுன்னு ரெண்டா போச்சு. கண்ணாடி ஃபைபர் வளைஞ்சுச்சு. வளைஞ்ச இடம் வெளுத்துச்சு. கிர்ருன்னு சத்தம் வந்துச்சு. அப்புறம்தான் கிழிஞ்சுது.

நான் சொன்னேன், "இங்க பாரு. இது சொல்லிட்டு உடையுது. உன்னோடது சொல்லாம உடையுது. சொல்லாம உடையுற சாமானை மேல ஏத்த மாட்டேன்."

"அக்கா, உடையுற கனத்துக்குப் பக்கத்துலயே நாம போகப் போறதில்ல. உன்னோடது இவ்வளவு வளைஞ்சா வாலு ஆடும், கப்பல் திரும்பாது."

"குழாயைப் பருமனாக்கு. வளையாது."

அது சரியான பதில் சார். அவளே ஒத்துக்கிட்டா. உக்காந்து கணக்குப் போட்டு, பருமனான குழாயா வரைஞ்சா. ரெசின்ல நனைச்ச கண்ணாடித்துணியை மூணு அடுக்கு சுத்தினா இருபது கிலோ, சரியா வரும்னா. நான் மூணு அடுக்குல ஒரு குழாய் சுத்தி மூட்டையைத் தொங்கவிட்டுப் பாத்தேன். தாங்குச்சு. ஜெயிச்சது யாரு? நான்தான். முதல் கப்பல் என் சாமான்ல கட்டினது.

ரெண்டு மாசம் நானே சுத்தினேன். வேற யாரையும் தொட விடல.

காத்து இல்லாத ஒரு காலையில, உப்பளத்துக்குப் பக்கத்துல இருக்கிற திடல்ல வச்சுத் தூக்கிப் பாத்தோம். சங்கத்து ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. இவரும் வந்து ஒரு ஓரமா நின்னாரு. ஹீலியம் ஏறி, கப்பல் முழுசா நிமிர்ந்து நின்னுச்சு. கயிறைத் தளர்த்தினாங்க. கிளம்பல. பேட்டரியில பாதியைக் கழட்டினாங்க. மூக்கு மட்டும் எந்திரிச்சுப் பாத்துட்டு உக்காந்துருச்சு. கேமராவைக் கழட்டினாங்க. கடைசியில ரேடியோவையும் கழட்டினா ஐடா. அப்புறம் தூக்குச்சு. தென்னை உசரத்துக்குப் போய் நின்னுச்சு.

பறந்துச்சா இல்லையா சார்? பறந்துச்சு. ரேடியோ இல்லாம பறந்துச்சு, அது வேற விஷயம். "பறக்கல"ன்னு கோயம்புத்தூர் வரைக்கும் போய்ச் சொல்லுறது என்ன நியாயம்?

இவரு திரும்பி நடந்து போயிட்டாரு. முகத்துல ஏமாத்தம்னு ஐடா சொல்லுதா. வெயில்னு நான் சொல்லுதேன். உப்பளத்துல காலையிலயே கண்ணு கூசும்.

அன்னைக்கு நான் நண்டு வாங்கிக் குழம்பு வச்சேன். அதையும் ஐடா பெருசா எடுத்துக்கிட்டா. "கப்பல் கிளம்பாத அன்னைக்கு உனக்கு என்னக்கா விருந்து?"ன்னு கேட்டா. நண்டு நல்லதா வந்திருந்துச்சு, வாங்கினேன். ஒருத்தி நண்டு வாங்குறதுக்கும் காரணம் சொல்லணுமா?

மறுநாள் அவ எல்லாக் குழாயையும் தராசுல வச்சா. அப்புறம் ரம்பத்தை எடுத்து, நல்லா இருந்த ஒரு குழாயைக் குறுக்க அறுத்தா. அறுத்த முகத்தைத் தேச்சுட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. நான் அந்த மூலையில ஒரு படகுக்கு ரெசின் தடவிக்கிட்டு இருந்தேன்.

"அக்கா, நான் வரைஞ்சது எத்தனை அடுக்கு?"

"மூணு."

"இதுல அஞ்சு இருக்கு."

"இருக்கும்."

"மூணு தாங்கும்னு நீதானே மூட்டையைக் கட்டிப் பாத்தே?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

ஏன்னா என்ன சொல்ல? படகு கட்டுற கை சார் இது. மூணு அடுக்குல நிறுத்துன்னா எப்படி நிக்கும்? ஒண்ணு போட்டா இன்னொண்ணு போடுன்னு கை கேக்கும். அதைத்தான் சொன்னேன். அவ கேக்கல. பக்கத்துல வந்து நின்னு, "கப்பல் நின்னா அத்தான் கடலுக்குப் போயிருவாரு. அதுக்குத்தானே?"ன்னு கேட்டா.

நான் பதில் சொல்லல. ரெசின் வேலை, முகத்துல மாஸ்க் போட்டிருந்தேன். மாஸ்க் போட்டுக்கிட்டு எப்படிப் பேசுறது?

மாஸ்க்கைக் கழட்டலாமேன்னு நீங்க நினைக்கிறீங்க. கழட்டியிருக்கலாம்.

அவ கத்தல, சண்டை போடல. அதுதான் எனக்கு ஆத்திரம். போய் உக்காந்து புதுசா வரைய ஆரம்பிச்சா. அடுத்த வாரம் பெரிய சுருளா கறுப்புத்துணி வந்து இறங்குச்சு. கார்பன். "ஏட்டி, இது எதுக்கு? கண்ணாடியிலயே மூணு அடுக்கு நான் திரும்பச் சுத்தித் தாறேன்"னு சொன்னேன். அதுக்கு அவ சொன்ன பதிலை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "வேண்டாம்க்கா. கார்பன்ல எலும்பு மொத்தமும் பத்து கிலோதான். நீ இஷ்டத்துக்கு அடுக்கு கூட்டினாலும் இருபதைத் தாண்டாது. அதனாலதான் கார்பன்."

கேட்டீங்களா? உலகத்துல எல்லாரும் பலத்துக்கும் கனத்துக்கும் பாத்துத்தான் சாமான் எடுப்பாங்க. என் தங்கச்சி, அவ அக்காவோட கையை நம்ப முடியாதுன்னு சாமான் எடுத்தா. அந்தக் கார்பனை நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். பட்டறையில ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி அவளுக்கு. பேச்சு இல்ல.

அப்பத்தான் இவரு ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோட இங்க வந்தாரு. சாதாரணமா வர மாட்டாரு. கரையில உக்காந்து மத்தவங்க வலையைக் கட்டிக் குடுப்பாரு, இல்லைன்னா வீட்டுல கிடப்பாரு. வந்து, அறுத்துப் போட்ட அந்தக் குழாயை எடுத்து விரலை உள்ள விட்டுத் தடவிப் பாத்தாரு.

"நல்லா கட்டியிருக்க பிலோமி. இதை எதைக் கொண்டும் உடைக்க முடியாது."

"உடைக்க முடியாது."

"தூக்கவும் முடியாது."

நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். அவரே பேசினாரு. "நான் கரையில இருந்தா நீ நிம்மதியாத் தூங்குற. எனக்குத் தெரியுது. நான் தூங்கல. கண்ணை மூடினா ரூபன் மேல பாத்துக்கிட்டுக் கிடக்கான். இப்பவும் நம்ம ஆளுங்க போயிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்கு மேல ஒண்ணும் நிக்கல."

"கடல் உங்களை ஒரு தடவை திருப்பிக் குடுத்துச்சு. மறு தடவை குடுக்கும்னு யாரு எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதிக் குடுக்கல. அதனாலதான் கட்டச் சொல்லுதேன்."

தூக்கைக் கழுவி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அதைக் கேட்டு மனசு மாறித்தான் நான் கார்பன் வேலைக்குப் போனேன்னு ஐடா சொல்லுவா. இல்ல. எனக்கு மனசும் மாறல, ஒண்ணும் மாறல. நான் போன காரணம் வேற.

ஐடா நல்லா வரைவா சார், கணக்குல அவளை அடிச்சுக்க ஆளில்ல. கை வராது. அவ சுத்தின முதல் குழாயை நான் இங்கேருந்தே பாத்தேன். துணி சுருங்கியிருந்துச்சு. ரெசின் ஒரு பக்கம் குளமா நிக்குது, ஒரு பக்கம் காஞ்சு கிடக்கு. ரெண்டாவதுல குமிழி. ராத்திரி போனா, காலையில வந்தா, என் கண்ணு அந்தக் குமிழியிலதான் நிக்குது. என் பட்டறையில இருந்து குமிழி விழுந்த சாமான் வெளிய போனா என் பேரு என்ன ஆகும்? அடுத்த குழாயை அவ ஆரம்பிச்சப்ப, எந்திரிச்சுப் போய் ரெசினை அழுத்தித் தேய்க்கிற ரோலரை அவ கையில இருந்து பிடுங்கினேன். "தள்ளு"ன்னேன். தள்ளிட்டா. அவ்வளவுதான் காரணம்.

கறுப்புத்துணி ஒரு மாதிரி சாமான் சார். கண்ணாடித்துணி ரெசின் குடிச்சதும் உள்ள தெரியும், எங்க காஞ்சிருக்குன்னு பாத்துக்கலாம். இது குடிச்சாலும் கறுப்பு, குடிக்கலைன்னாலும் கறுப்பு. விரலாலதான் கண்டுபிடிக்கணும். பழகிட்டேன். எத்தனை அடுக்குன்னு கேக்கணும்னு இருக்கு உங்களுக்கு. வரைபடத்துல என்ன இருந்துச்சோ அது. ஒவ்வொரு குழாயிலயும் முனையில ஒரு துண்டை அறுத்து அவ முன்னால வீசினேன், எண்ணிக்கோன்னு. முதல் மூணை எண்ணினா. அப்புறம் எண்ணல.

ஒரே ஒரு இடத்துல நான் விடல. அடியில தரையில உக்காருற சறுக்குக்கட்டை. அது ஒவ்வொரு தடவையும் இடிபடும். அது மட்டும் கண்ணாடி ஃபைபர்தான்னு சொல்லிட்டேன். இடிபட்டா வெளுக்கும், வெளுத்தா மாத்திரலாம். அவளும் "அது சரிதான்க்கா"ன்னா. குழாயும் குழாயும் சேருற இடத்துக்கு அலுமினிய மூட்டு. கார்பன்ல அலுமினியம் நேரடியாப் பட்டா நம்ம உப்புக்காத்துல அலுமினியத்தை அரிச்சுரும், நடுவுல மெலிசா கண்ணாடித்துணி சுத்தணும்னு அவ வரைஞ்சிருந்தா. அதையும் நான்தான் சுத்தினேன். இந்த மூணையும் கேட்டுக்கோங்க, உங்களுக்கு ஆகும். உடம்பு கார்பன், இடிபடுற இடம் கண்ணாடி ஃபைபர், மூட்டுக்கு நடுவுல துணி வச்ச அலுமினியம். உங்க மலையில உப்பு இல்ல, ஆனா மழை இருக்கு. விட்டுராதீங்க.

ரெண்டாவது கப்பல் முழு பேட்டரி, கேமரா, ரேடியோ எல்லாத்தோடயும் கிளம்புச்சு. கயிறைப் பிடிச்சிருந்தவங்க விடுறதுக்கு முன்னாலயே இழுத்துச்சு. அனுமதிக்கு ஐடா அலைஞ்சது தனிக் கதை. அதுவும் கிடைச்ச பிறகு, இவரு படகை இறக்கினாரு.

என்கிட்ட கேட்டுட்டா இறக்கினாரு? சொல்லிட்டு இறக்கினாரு. "போயிட்டு வாறேன்"னாரு. நான் ரேடியோ வச்சிருக்கிற அந்த மேசையில போய் உக்காந்தேன். சோறு தண்ணி இல்ல. ஐடா எதுவோ சொல்லிக்கிட்டே இருந்தா, ஒண்ணும் காதுல விழல. வழக்கமா சத்தம் அறுந்து போற தூரத்தை அவரு தாண்டியாச்சு. அதுக்குப் பிறகு ஒண்ணுமே வரல. கரகரன்னு இரைச்சல்தான். அந்த நேரத்துல நான் மனசுக்குள்ள ஐடாவைத் திட்டினேன், கார்பனைத் திட்டினேன், அஞ்சு அடுக்கோட விட்டிருக்கலாமேன்னு... சரி, அதை விடுங்க. அது வேற.

அப்புறம் அவரு குரல் வந்துச்சு. பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி. "பிலோமி, கேக்குதா?"

கேக்குதுன்னு சொன்னேன். அதுக்கு மேல ஐடா வாங்கிப் பேசினா. நான் அழுதேன்னு அவ சொல்லியிருப்பா. சொல்லிட்டுப் போறா.

இப்ப வாரத்துல நாலஞ்சு நாள் போறாரு. இந்தக் கரையில இருந்து போற எல்லாப் படகும் அந்த ரேடியோவுலதான் பேசுது. ஐடா அடுத்த கப்பலுக்கு ஆள் சேக்கணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசுதா. காலையில காத்து பாத்து இதை மேல ஏத்துறது யாரு? நான்தான். சாயங்காலம் இறக்கி, சறுக்குக்கட்டையில வெளுப்பு இருக்கான்னு விரல் வச்சுப் பாக்கிறதும் நான்தான். பறக்கக் கூடாதுன்னு நினைச்சவ செய்யுற வேலையா இது? நீங்களே சொல்லுங்க.

இருங்க. ரேடியோ கேக்குதா? அவருதான். நீங்க பேச வேண்டாம், சும்மா இருங்க.

"சொல்லுங்க, கேக்குது."

"பிலோமி, இங்க காத்து தெக்கேருந்து திரும்புது. அங்க வலுக்கிறதுக்குள்ள கப்பலை இறக்கிரு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன். வலையை எடுத்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். நீ இறக்கு."

"நீங்க கரைக்கு வாங்க. வந்த பிறகு இறக்குதேன்."

"காத்து கூடும் பிலோமி. எலும்பு தாங்காது."

"எலும்பு தாங்கும். நீங்க வாங்க."

என்ன சார் அப்படிப் பாக்குதீங்க? வெளிய வந்து பாருங்க, அந்தா, அந்தப் பனை கூட்டத்துக்கு மேல, வெள்ளையா. மூக்கைக் காத்துக்கு நேரா திருப்பிக்கிட்டு நிக்குது பாத்தீங்களா? தாங்கும். நான் கட்டினது அது.